வயது வந்தோருக்கு மட்டும்

வீட்டுப் பரணில் பழைய அறிவியல் பாடப்புத்தகம் ஏதாவது கிடந்தால் எடுத்துத் தூசு தட்டி, ஓரத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும் சமாச்சாரங்களை மட்டும் படித்துப் பாருங்கள். தாடி வைத்த ஒருத்தர் படம். பிறந்த வருஷம், இறந்த வருஷம், எந்த தேசம், என்ன கண்டுபிடித்தார். பரீட்சைக்கு இதிலிருந்து கேள்வி வராது. அதனால் வாத்தியார் 'அதை நீங்களே படிச்சுக்குங்கப்பா' என்று தாண்டிப் போயிருப்பார். நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைத்த விஞ்ஞான வரலாறு அவ்வளவுதான்.

அந்தக் கட்டங்களை மொத்தமாகப் படித்தால் ஒரு விசித்திரம் தெரியும். அவர்களில் ஒருத்தர்கூடத் தப்புப் பண்ணுவதில்லை. ஆப்பிள் விழுகிறது, நியூட்டன் நிமிர்கிறார், விதி கிடைத்துவிடுகிறது. நடுவில் இருபது வருஷம் அடித்துத் திருத்தின காகிதங்களைக் காணோம். எதிர்க்கட்சி என்று யாராவது வந்தால் அவர் முட்டாள், அல்லது பாதிரியார், அல்லது இரண்டும்.

விஞ்ஞான வரலாறு என்பது கல்லூரிகளில் தனிப் பாடமாக, டிபார்ட்மென்ட், பிஎச்.டி. சகிதம் உலகத்தில் பல இடங்களில் சொல்லித்தரப்படும் ஒரு துறை. அது மேற்படி கட்டங்களைப் பெரிசாக்கினது இல்லை. கட்டங்களுக்கு அநேகமாக நேர் எதிர். இந்த வாரம் அதைப் பற்றி.

இந்தத் துறையைக் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாக நிறுவியவர் ஜார்ஜ் சார்ட்டன் என்கிற பெல்ஜியர். 1913-ல் 'ஐஸிஸ்' என்ற ஆராய்ச்சிப் பத்திரிகையை ஆரம்பித்தார். 1915-ல் அமெரிக்கா போய் ஹார்வர்டு நூலகத்தில் ஓர் அறையைப் பிடித்துக்கொண்டு, விஞ்ஞானம் முழுவதற்கும் வரலாறு எழுத உட்கார்ந்தார். இதற்காக அரபி மொழி கற்றுக்கொண்டார். மூன்று பாகங்கள், 1927-லிருந்து 1948 வரை வந்தன. எந்தக் காலம் வரைக்கும் எழுதி முடித்தார் தெரியுமோ? பதினாலாம் நூற்றாண்டு. நியூட்டனுக்கு இன்னும் சுமார் 300 வருஷம் பாக்கி! மனித குலம் செய்த காரியங்களில் நிச்சயமாக முன்னேறிக்கொண்டே இருப்பது விஞ்ஞானம் ஒன்றுதான் என்பது சார்ட்டனின் நம்பிக்கை. உழைப்புக்கு அவரைக் கும்பிடலாம். ஆனால் அவர் எழுதியதும் ஒருவிதத்தில் கட்டங்கள்தான், மிகப் பெரிய, மிகக் கவனமான கட்டங்கள்.

வகுப்பறைக்கு இதை வேறு விதமாகக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் கோனன்ட். ரசாயனப் பேராசிரியர், 1933 முதல் 1953 வரை ஹார்வர்டின் தலைவர். யுத்த காலத்தில் அமெரிக்க அரசின் ஆயுத ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர்களில் ஒருவர். 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்ததை நேரில் பார்த்தவர். அதற்கப்புறம் அவருக்கு ஒரு கவலை. இனிமேல் வக்கீல்களும் வியாபாரிகளும் அரசியல்வாதிகளும் விஞ்ஞானத்தைப் பற்றி முடிவெடுக்கப் போகிறார்கள். அவர்களுக்கு ஃபார்முலா தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. விஞ்ஞானிகள் எப்படி ஒரு முடிவுக்கு வருகிறார்கள், எப்போது தடுமாறுகிறார்கள் என்று தெரியவேண்டும். அதற்கு வழி, சட்டக் கல்லூரியில் பழைய வழக்குகளை வைத்துப் பாடம் நடத்துவது போல, விஞ்ஞானத்தின் பழைய வழக்குகளைக் கட்டு பிரித்துப் படிப்பது என்று தீர்மானித்தார்.

அந்தக் கோர்ஸுக்கு உதவியாளராக 1947-ல் சேர்ந்தவர் தாமஸ் கூன் என்ற இளைஞர். இயற்பியலில் பிஎச்.டி. பண்ணிக்கொண்டிருந்தார். இயக்கவியலின் ஆரம்பத்தைப் பாடமாக நடத்த, அரிஸ்டாட்டிலை எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க எரிச்சல். இவ்வளவு பெரிய ஆசாமி, உயிரியலிலும் அரசியலிலும் இத்தனை கூர்மையாக எழுதினவர், இயற்பியல் என்று வந்ததும் எப்படி இப்படி உளறமுடியும்?

ஒரு கோடை நாளில் பளிச்சென்று விளங்கியது. அரிஸ்டாட்டில் 'இயக்கம்' என்று சொன்னது கல் விழுவதை மட்டும் இல்லை. விதை மரமாவது, நோயாளி குணமாவது எல்லாமே அவருக்கு ஒரே ஜாதி மாற்றங்கள். அவர் நியூட்டனின் கேள்விக்குத் தப்பான பதில் எழுதவில்லை. வேறு கேள்வித்தாளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். இதைப் பிடித்துக்கொண்டதும் மற்ற 'உளறல்'களும் ஒன்றுக்கொன்று பொருந்த ஆரம்பித்தன. கூன் இயற்பியலை விட்டுவிட்டு வரலாற்றுக்கு வந்துவிட்டார். 1962-ல் அவர் எழுதிய 'விஞ்ஞானப் புரட்சிகளின் அமைப்பு' புத்தகத்திலிருந்துதான் 'பாரடைம்' என்ற வார்த்தை கிளம்பி, இன்றைக்கு சோப்பு கம்பெனி மீட்டிங் வரைக்கும் வந்திருக்கிறது. புத்தகம் கோனன்ட்டுக்குச் சமர்ப்பணம்.

கோனன்ட்டின் வழக்குகள் 1957-ல் இரண்டு பாகமாக அச்சாகின. மொத்தம் எட்டு. அதில் ஒன்றை உங்களுக்கு வகுப்பு எடுக்கிறேன், ஐந்து நிமிஷம்.

ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக் கண்ணாடி ஜாடியால் மூடினால் சற்று நேரத்தில் அணைந்துவிடுகிறது. ஏன்? 'ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு' என்று சொல்ல வாய் வருகிறதல்லவா? பொறுங்கள். நீங்கள் இருப்பது 1770. ஆக்சிஜன் என்ற பேச்சே கிடையாது. படித்தவர்கள் சொல்வது இது: எரியக்கூடிய எல்லாவற்றுக்குள்ளும் 'ஃப்ளாஜிஸ்டன்' என்ற சரக்கு இருக்கிறது, எரியும்போது அது வெளியேறுகிறது. மூடின ஜாடியில் காற்று எவ்வளவுதான் தாங்கும்? ஃப்ளாஜிஸ்டன் நிரம்பி வழிந்ததும் சுடர் அணைகிறது. விறகு எரிந்தால் சாம்பல் லேசாக இருக்கிறது, சரக்குதான் போய்விட்டதே. கரியோடு சேர்த்துத் தாதுவைச் சுட்டால் பளபளவென்று உலோகம் வருகிறது, கரியிலிருந்த ஃப்ளாஜிஸ்டன் தாதுவுக்குள் போய்விட்டது. உலோகங்கள் எல்லாம் பளபளப்பது ஏன்? எல்லாவற்றிலும் அதே சரக்கு. சுடர் அணைந்த ஜாடிக்குள் ஒரு புதினாக் கொத்தை வைத்தால் சில நாளில் மறுபடி சுடர் எரிகிறது. 1771-ல் ஜோசஃப் ப்ரீஸ்ட்லி செய்து பார்த்த சோதனை இது. செடி அதை உறிஞ்சிக்கொண்டது!

மறுத்துப் பேசுங்கள் பார்க்கலாம். ஆக்சிஜன் என்ற வார்த்தையை உபயோகிக்காமல்.

சுலபமாக இல்லை, இல்லையா? ஒரே ஒரு இடம்தான் இடித்தது. உலோகத்தைச் சுட்டால் வருகிற பொடி (சித்த வைத்தியர் பாஷையில் பற்பம்) உலோகத்தைவிட எடை கூடுகிறது. ஏதோ வெளியேறிவிட்டது என்றால் எடை எப்படிக் கூடும்? லவாய்ஸியே இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். 1774 ஆகஸ்ட் 1 அன்று ப்ரீஸ்ட்லி, பாதரசத்தின் சிவப்புப் பொடியைப் பூதக்கண்ணாடியால் சுட்டுப் புதிதாக ஒரு காற்றைப் பிரித்தெடுத்தார். அக்டோபரில் பாரிஸ் போனபோது லவாய்ஸியேவிடம் அதைச் சொல்லவும் செய்தார். ப்ரீஸ்ட்லி அதற்கு 'ஃப்ளாஜிஸ்டன் நீங்கிய காற்று' என்று பேர் வைத்தார். லவாய்ஸியே அதையே ஆக்சிஜன் ஆக்கினார். காற்று ஒன்று, கதை இரண்டு.

கட்டத்தில் இவ்வளவுதான் வரும்: லவாய்ஸியே ஜெயித்தார். வகுப்பில் இதற்கு மேலும் வரும். ஆக்சிஜன் என்றால் கிரேக்கத்தில் 'அமிலத்தைப் பிறப்பிப்பது'. எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று லவாய்ஸியே நம்பினார். தப்பு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் கிடையாது. ஜெயித்தவரின் பிழையை அந்தப் பெயரில் இன்னமும் சுமந்துகொண்டிருக்கிறோம். (நம் பழைய புத்தகங்களின் 'பிராணவாயு' இந்த விஷயத்தில் தேவலை.) 1789-ல் அவர் போட்ட 33 தனிமங்களின் பட்டியலில் வெளிச்சமும் வெப்பமும்கூட இருந்தன. ப்ரீஸ்ட்லியோ 1804-ல் அமெரிக்காவில் சாகும்வரை ஃப்ளாஜிஸ்டனை விடவில்லை. இருவரில் யாரும் முட்டாள் இல்லை, யாரும் தீர்க்கதரிசியும் இல்லை. இதைப் புரிந்துகொள்ளும் மாணவன் அடுத்த தடவை 'விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்' என்று படிக்கும்போது, எதை வைத்து என்று கேட்பான்.

கோனன்ட்டின் வழக்குகளில் எனக்குக் குறையும் உண்டு. அந்த வழக்கின் தலைப்பே 'ஃப்ளாஜிஸ்டன் கொள்கையின் வீழ்ச்சி'. கொலையாளி யார் என்று அட்டையிலேயே அச்சடித்த துப்பறியும் நாவல் மாதிரி. எட்டு வழக்குகளுமே அநேகமாகப் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து தொடங்கும் ஐரோப்பா. எட்டிலும் சரியான கட்சி கடைசியில் ஜெயிக்கிறது. முடிவு தெரிந்த வழக்குகளில் நீதிபதியாக இருப்பது சுலபம். கோர்ட் கலையாத வழக்கு ஒன்றாவது வைத்திருக்கலாம்.

சரி, இதையெல்லாம் சின்னப் பசங்களுக்குச் சொல்லித்தரலாமா? 1974-ல் ஸ்டீஃபன் பிரஷ் என்ற இயற்பியலாளர்-வரலாற்றாசிரியர் 'ஸயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். விஞ்ஞான வரலாற்றுக்கு எக்ஸ் ரேட்டிங் கொடுக்கவேண்டுமா என்பது தலைப்பு. நம் ஊரில் என்றால் 'ஏ' சர்டிபிகேட். திறந்த மனசோடு சோதனை செய்து, வந்ததை வந்தபடி எழுதி, உண்மைக்குத் தலைவணங்குகிறவன் விஞ்ஞானி என்று மாணவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். நிஜ வரலாறு அந்தப் பிம்பத்தை உடைத்துவிடுமே, பரவாயில்லையா என்று பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் கேட்டார்.

உதாரணத்துக்கு மில்லிகன். எண்ணெய்த் துளிகளை மின்புலத்தில் மிதக்கவிட்டு எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்து, 1923-ல் நோபல் வாங்கினவர். 1913-ல் வெளியிட்ட கட்டுரையில் 58 துளிகளின் கணக்கைக் கொடுத்து, தொடர்ந்து 60 நாட்கள் சோதித்த துளிகள் எல்லாமே இவைதான், பொறுக்கி எடுத்தவை அல்ல என்று எழுதினார். பிற்பாடு ஜெரால்டு ஹோல்ட்டன் என்ற வரலாற்றாசிரியர் அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டியபோது, துளிகள் நூறைத் தாண்டின. ஓரத்தில், இது அழகு, இது சரியில்லை என்ற ரீதியில் குறிப்புகள் வேறு.

இங்கே நிறுத்தினால் 'நோபல் ஃப்ராடு' என்று தலைப்புப் போட்டுக் காப்பி சாப்பிடப் போய்விடலாம். நிறையப் பேர் அப்படித்தான் போனார்கள். 1981-ல் ஆலன் ஃபிராங்க்ளின் அந்த விட்டுப்போன துளிகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். விடை ஏறக்குறைய அதேதான் வந்தது, பிழை வரம்புதான் சற்று கூடியது. மில்லிகன் துளிகளை விட்டதில் பலவற்றுக்குத் தொழில்முறைக் காரணம் இருந்தது, கருவி இன்னும் சரியாக வேலை செய்யாத நாட்களின் துளிகள் மாதிரி. ஆனால் 'எல்லாமே இவைதான்' என்று எழுதின வாக்கியம் உண்மை இல்லை. துளியை விட்டது வேறு, விட்டதை மறைத்தது வேறு. இந்த வித்தியாசத்தைப் புரியவைக்கத்தான் இந்தத் துறை இருக்கிறது.

இது நமக்கு ரொம்பச் சம்பந்தப்பட்ட விஷயம். கல்லூரி லேபில் பெண்டுலம் ஆட்டியிருப்பீர்கள். புவியீர்ப்பு முடுக்கம் 980 வரவேண்டும். 870 வருகிறது. என்ன செய்தீர்கள்? நான் செய்ததைச் சொல்கிறேன். 980-லிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அதற்கேற்ற ரீடிங்கை ரிக்கார்டு நோட்டில் எழுதி, சந்தேகம் வராமலிருக்க ஒன்றிரண்டு இடத்தில் சின்னதாகப் பிசகும் வைத்தேன். முழு மார்க். என் பெஞ்சில் எல்லாரும் அப்படித்தான். இதற்கு நாங்கள் அயோக்கியர்கள் என்பது மட்டும் காரணமில்லை. விஞ்ஞானத்தில் தப்பான விடை வந்தவர்கள் யாரும் கிடையாது என்று பத்து வருஷமாகக் கட்டம் கட்டிச் சொல்லித்தந்திருந்தார்கள். 870 வந்தால் நூலின் நீளத்தை எங்கிருந்து எங்கே அளந்தோம், அலைவுகளைச் சரியாக எண்ணினோமா என்று தேடுவதுதான் விஞ்ஞானம் என்று யாரும் சொல்லவில்லை. எனவே 'ஏ' சர்டிபிகேட் வேண்டாம் என்பது என் கட்சி. நிஜத்தைக் காட்டினால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்ற பயம் வீண். நிஜத்தை மறைத்தபோதும் நாங்கள் கெட்டுத்தான் போனோம்.

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. குவாண்டம் கணக்குப் போடவே நேரம் போதவில்லை, செத்த கொள்கைகளுக்கு ஏது பீரியட் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். இயற்பியலை வரலாற்று வரிசையில் நடத்தினால் டிகிரி முடிவதற்குள் தலை நரைத்துவிடும். பாடத்தைக் குறுக்கு வழியிலேயே நடத்தட்டும். கூடவே ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு வழக்கை ஆழமாக நடத்தினால் போதும்.

இப்போது இதற்கு இடமும் வந்திருக்கிறது. 2023-ல் பல்கலைக்கழக மானியக் குழு, மொத்த கிரெடிட்டில் குறைந்தது 5 சதவீதம் இந்திய அறிவு மரபு சார்ந்த பாடங்களை எடுக்க மாணவர்களை ஊக்குவிக்கவேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. யோசனையில் தப்பில்லை. எதை, எப்படி என்பதுதான் கேள்வி. 2015 ஜனவரியில் மும்பை விஞ்ஞான காங்கிரஸில், புராதன இந்தியாவில் விமானம் பறந்தது என்று ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. ஆதாரம் 'வைமானிக சாஸ்திரம்'. அந்த நூலைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் 1974-லேயே ஆராய்ந்து, அது இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் எழுதப்பட்டது, அதில் சொன்னபடி செய்தால் பறக்காது என்று காட்டிவிட்டார்கள். தாடிக்காரர் படத்துக்குப் பதில் ரிஷி படம் போட்டால், கட்டம் கட்டம்தான்.

நிஜமான பெருமை வேறெங்கோ சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கலாம், வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரில். ராணுவ அதிகாரி ஜான் வாரன் 1825-ல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலிதம்' புத்தகத்தில், பாண்டிச்சேரியில் வசித்த ஒரு பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதினார். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். எழுத்துக்கு ஓர் எண் என்ற கணக்கில், அந்த வாக்கியங்களுக்குள் எண்கள் ஒளிந்திருந்தன. 1825 மே 31 இரவு கிரகணத்துக்கு அவர் சொன்னதில் ஆரம்பம் 4 நிமிஷமும், நடு 23 நிமிஷமும், முடிவு 52 நிமிஷமும்தான் பிசகின. வாரன் அசந்தார். ஆனால் இவருக்குத் தத்துவம் ஒன்றும் தெரியாது, ஞாபகசக்தி மட்டும் அபாரம் என்று தீர்ப்பும் எழுதினார்.

அதே பக்கங்களை நூறு வருஷத்துக்கு மேல் கழித்து ஓட்டோ நாய்கபவர் படித்தார். பாபிலோனியக் களிமண் பலகைகளின் வானவியல் கணக்குகளைப் படித்து விளக்கியவர், அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் கணித வரலாற்றுக்கென்றே தனித்துறை ஆரம்பித்தவர். 1952-ல் 'தமிழ் வானவியல்' என்று கட்டுரையே எழுதினார், சார்ட்டன் தொடங்கிய இன்னொரு பத்திரிகையான 'ஒஸைரிஸ்'ஸில். சந்திரன் வேகம் கூடிக் குறையும் சுற்று ஒன்பது முடிய 248 நாள் என்பது வாக்கியக் கணக்கின் அஸ்திவாரம். அதே 248 பாபிலோனியப் பலகைகளிலும் இருந்தது. வாரன் கண்ணுக்கு மனப்பாட இயந்திரமாகத் தெரிந்த மனிதர், நாய்கபவர் கண்ணுக்கு, வராகமிஹிரர் காலத்தையும் தாண்டி இரண்டாயிரம் வருஷம் பின்னால் போகும் ஒரு கணித மரபின் கடைசிக் கண்ணிகளில் ஒருவர். 'எல்லாம் நம்மதே' என்கிறவர்களுக்கும் இது ருசிக்காது, 'இங்கே ஒன்றுமே இல்லை' என்கிறவர்களுக்கும் ருசிக்காது.

அப்படிப் படிக்க வானவியல் கணக்கும் தெரியவேண்டும், பழைய பாஷைகளும் தெரியவேண்டும். இரண்டும் தெரிந்தவர்கள் சொற்பம். நாய்கபவரின் துறையில் கடைசியாக இருந்த டேவிட் பிங்க்ரீ, சம்ஸ்கிருத வானவியல் சுவடிகளுக்கு ஆயுசு முழுவதும் அட்டவணை போட்டவர். 2005-ல் அவர் காலமானதும் துறையை மூடிவிட்டார்கள். வாக்கியம் இன்னும் புழங்கும் ஊரில், வானவியல் வகுப்பில் வாக்கியத்தை ஒரு வழக்காக எடுத்துக்கொண்டு, சோழியும் கால்குலேட்டருமாகப் பையன்களை ஒரு கிரகணம் கணிக்கச் சொல்லலாமே. 52 நிமிஷம் ஏன் பிசகியது என்று அவர்களே தேடட்டும்.

கல்லூரி ஆசிரியர் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். அடுத்த பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு இப்படி ஒரு கேள்வி வையுங்கள்: 'ஃப்ளாஜிஸ்டனை நம்பும் ப்ரீஸ்ட்லியாக உங்களைக் கருதிக்கொண்டு லவாய்ஸியேவுக்கு ஒரு கடிதம் எழுதுக.' நல்ல கடிதம் எழுதுகிறவனுக்கு ஆக்சிஜன் நிச்சயம் புரிந்திருக்கும். அவன் லேபில் 870 வந்தால் 870 என்றே எழுதுவான் என்றும் நம்புகிறேன். அதற்கு மார்க் குறைக்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு.